எழுத்துக்கு எந்த மோதிரம்: வைரமா, நீலமா, வெறும் வளையமா?

தம்பிக்கு வரும் ஆவணியில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. பெண் இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறாள். எழுத்தன்றே மோதிரமும் மாற்றுவது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்த இரவு, ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் மோதிரப் படங்களாக அனுப்பித் தள்ளிவிட்டாள். முட்டை வடிவ வைரம், அதைச் சுற்றிப் பொடி வைரம், வெள்ளைத் தங்கம், இரண்டு கல் சேர்ந்தது, கல்லே இல்லாதது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஆனா உதைப் போட்டுக்கொண்டு பிள்ளை எப்பிடி வேலை செய்யிறது?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக நானும் தம்பியும் கஸ்தூரியார் வீதி நகைக் கடைகளில் ஏறி இறங்கினோம். எத்தனை கல்லைப் பார்த்தாலும் கடைசியில் அம்மாவின் அந்தக் கேள்வியில்தான் வந்து நின்றோம்.

எங்கள் ஊரில் கலியாணத்தின் அடையாளம் தாலிக்கொடி. ஆனால் ஒன்பது பவுண், பதினொரு பவுண் கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யார் பஸ் ஏறுகிறார்கள்? அது வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கும் வெளியே வருகிறது. நாளாந்தம் உடம்போடு கிடப்பது ஒரு மெல்லிய சங்கிலியும் இந்த மோதிரமும்தான். மா குழைக்கும் கை, உடுப்புத் தோய்க்கும் கை, ஸ்கூட்டர் பிடிக்கும் கை எல்லாம் அந்தக் கைதான். அதனால் நான் மூன்று விஷயங்களைத்தான் பார்த்தேன்: வேலை செய்யும் கையில் அது நிலைக்குமா, பழுதானால் இங்குள்ள பத்தரிடமே திருத்தலாமா, நாளைக்கு ஒரு அந்தரம் வந்தால் அதில் என்ன மிஞ்சும்.

மச்சாள் அனுப்பிய படங்களில் ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஊர் ஒன்று உண்டு. ஒற்றை வைரத்தை ஆறு சின்ன நகங்களால் தூக்கிப் பிடிக்கும் மோதிரம் 1886இல் நியூயோர்க்கில் டிஃபனி கடையில் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கல்லை உலோகத்துக்குள் பாதி புதைத்தே கட்டினார்கள். தூக்கிக் கட்டினால் எல்லாப் பக்கத்தாலும் வெளிச்சம் உள்ளே போகும், கல் கூட மின்னும். அந்தக் காலத்தில் தென்னாபிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வைரம் சந்தைக்கு நிறைய வரத் தொடங்கியிருந்தது. அதைக் காட்டுவதற்கு ஏற்ற மோதிரம் அது. நிச்சயம் என்றால் வைரம்தான் என்ற எண்ணம் அதற்கும் பிந்தியது. 1839இல் விக்டோரியா மகாராணிக்குக் கிடைத்த நிச்சய மோதிரம் பாம்பு வடிவம், தலையில் மரகதம். வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் வைர நிறுவனத்துக்காக பிரான்சிஸ் ஜெரிட்டி எழுதியது 1947இல். எங்கள் அம்மம்மாவின் வயதுகூட இல்லாத வழக்கத்தை ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உலோகமும் அப்படியே. 1920களில் மேல்நாட்டில் பிளாட்டினம் பெரிய மோகமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அதைப் போர்த் தேவைக்கு ஒதுக்கியதும் மோதிரங்கள் தங்கத்துக்குத் திரும்பின. 1990களிலும் 2000களிலும் மறுபடி வெள்ளை உலோகம் முன்னுக்கு வந்தது. இப்போது மஞ்சள் தங்கத்தின் முறை. 2025 ஆகஸ்டில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் காட்டிய நிச்சய மோதிரத்தில் இருப்பது பழைய பாணியில் வெட்டிய வைரம், கட்டியிருப்பது மஞ்சள் தங்கத்தில். இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் மஞ்சள் தங்கத்தை விட்டு எங்கும் போகவில்லை, உலகம்தான் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது.

இங்கேயும் மோகங்கள் மாறித்தான் வந்தன. அம்மாவின் மோதிரம் நீள்சதுரத் தகடு, அதில் அப்பாவின் பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அந்த நாளில் அவருடைய தோழிகள் எல்லோருக்கும் அப்படித்தானாம். போர் முடிந்த 2009க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையால் ஆட்கள் தடையின்றிப் போய்வரத் தொடங்கியதும், வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வரத் தொடங்கியதும், தூக்கிக் கட்டிய ஒற்றைக் கல் மோதிரம் எங்கள் பக்கத்துக் கைகளிலும் ஏறியது. என்னுடையதும் அப்படி ஒன்றுதான்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனது மோதிரம் 22 கரட் தங்கம், நாலு மெல்லிய நகம், நடுவில் சின்ன வைரம். கலியாணமாகி மூன்றாம் வருடம் ஒருநாள் காலை திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். பாதி மூடி முடிந்த பிறகு கையைப் பார்த்தால் கல் இருந்த இடத்தில் நாலு நகமும் வெறுமனே வாய் பிளந்தபடி நிற்கின்றன. தேங்காய்ப்பூ முழுவதையும் சுளகில் பரப்பி, அம்மாவும் நானும் விரல் நுனியால் தடவித் தடவித் தேடினோம். வெள்ளைப் பூவுக்குள் வெள்ளைக் கல். கிடைக்கவேயில்லை. செய்து தந்த கடையில் காட்டியபோது, 22 கரட் மெதுமையான தங்கம், நகம் உடுப்பில் கொழுவிக் கொழுவி வளைந்திருக்கும் என்றார்கள். வாங்கும்போது அதை ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த மோதிரத்தைக் கல் இல்லாமலே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது கல்லை அல்ல, அதைக் கட்டியிருக்கும் விதத்தை. கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு எழுப்பி, அதைக் கல்லின் மேல் மெல்ல மடித்துப் பிடிக்கும் கட்டு ஒன்று உண்டு. எங்கள் பழைய நகைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். தூக்கிக் கட்டியது போல அவ்வளவு மின்னாது. ஆனால் கொழுவாது, கையுறையைக் கிழிக்காது, கல்லின் ஓரமும் உடையாது. தாதியின் கைக்கு இதைவிட்டால் வேறு கட்டில்லை என்பது என் முடிவு. கல்லைச் சுற்றிப் பொடி வைரம் பதித்த மோதிரங்களை நான் அடியோடு தவிர்க்கச் சொல்வேன். அந்தப் பொடிக் கல் ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது மயிரிழைத் தங்கம். சவர்க்காரமும் மாவும் அடைந்து மங்கும், அவ்வப்போது ஒன்று கழன்றும் விடும். வளையம் முழுக்கச் சுற்றிவரக் கல் பதித்தால் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பிள்ளை பிறந்த பிறகு விரல் பருத்தால் அந்த மோதிரம் அலுமாரிக்குள் போய்விடும்.

சரி, இனித் தெரிவுகளுக்கு வருவோம்.

கல்லே இல்லாத 22 கரட் வளையம்தான் மிகவும் பாதுகாப்பானது. விழுவதற்கு ஒன்றும் இல்லை. எந்தப் பத்தரும் ஒரு பின்னேரத்தில் அளவைச் சரிசெய்து தருவார். அடைவு வைக்கப் போனாலும் முழு நிறையும் கணக்கில் வரும். கல் மோதிரத்தில் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் காசு. 2025 அக்டோபரில் பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, அரைப் பவுண் வளையம்கூட ஒரு சேமிப்புத்தான். தம்பிக்கு இது பிடித்திருந்தது. அம்மாதான் சம்மதிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு கல்லெண்டாலும் வேண்டாமோ?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆயுளில் ஒருமுறை வாங்குவது.

வைரம் என்றால் இப்போது இரண்டு வழி: நிலத்தில் எடுத்தது, ஆய்வுகூடத்தில் வளர்த்தது. இரண்டும் ஒரே கரி, ஒரே கடினம், ஒரே மின்னல். வெறும் கண்ணாலோ கடைக்காரரின் பத்து மடங்குக் கண்ணாடியாலோ பிரித்துச் சொல்ல முடியாது. வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சின்னக் கருவியும் இரண்டையும் வைரம் என்றே சொல்லும். பழைய கருவிகள் மொய்சனைட் என்ற வைரம் போலத் தோன்றும் வேறு கல்லைக்கூட வைரம் என்று காட்டிவிடும். ஆகவே சான்றிதழும், கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்த இலக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் வைரம் வாங்காதீர்கள். வளர்த்த வைரம் கடந்த பத்து வருடத்தில் மளமளவென்று மலிந்திருக்கிறது. மலியும் பொருளைத் திரும்ப விற்கும்போது கையில் வருவது சொற்பம். நிலத்து வைரத்தையும் வாங்கிய விலைக்கு யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள், ஆனால் அதில் ஏதோ மிஞ்சும். விற்கும் எண்ணமே இல்லை, பெரிய கல்லாகப் போட்டுப் பார்க்க ஆசை என்றால் வளர்த்ததை மனச்சாட்சியோடு வாங்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. அதைச் சான்றிதழோடு, வளர்த்தது என்று சொல்லி விற்கும் கடையில் வாங்குங்கள்.

இப்போது நான் மனம் வைத்த கல்லுக்கு வருகிறேன். இரத்தினபுரிப் பக்கத்து மண்ணிலிருந்து வரும் சபையர். 1981இல் டயானாவின் விரலில் ஏறி, 2010இல் அவருடைய மருமகளின் விரலுக்குப் போன அந்த 12 கரட் நீலக்கல் இலங்கைக் கல். உலகமே பார்த்துப் பார்த்துப் பிரதிபண்ணிய மோதிரத்தின் கல் எங்கள் நாட்டு மண்ணில் எடுத்தது. கடினத்தில் வைரம் 10 என்றால் சபையர் 9. மரகதம் எட்டைத் தாண்டாது, உள்ளே பெரும்பாலும் வெடிப்புகளும் எண்ணெயும் இருக்கும். முத்து அதைவிட மிகவும் மெதுமையானது. நாளாந்தம் போடும் கைக்கு, வைரத்துக்கு அடுத்தபடி நம்பக்கூடிய கல் சபையர்தான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் நீலக்கல் என்றதும் முதலில் எழும் பேச்சு சனி. நீலம் சனிக்குரிய கல், எல்லாருக்கும் ஒத்துவராது, மூன்று நாள் தலையணைக்குக் கீழ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பார்கள். நான் இதை அலட்சியமாக எடுக்கவில்லை. பெண் வீட்டாருக்கு மனதில் ஒரு நெருடல் இருந்தால், பிற்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மோதிரத்தைத்தான் சொல்வார்கள். அதனால் கல்லைத் தேடப் போவதற்கு முன்னரே அவர்களுடைய சாத்திரியாரிடம் கேட்டுவிடும்படி சொன்னோம். அவர் நீலம் வேண்டாம், புஷ்பராகம் போடலாம் என்றார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கனக புஷ்பராகம் என்று சொல்லும் மஞ்சள் கல்லும் சபையர்தான். அதே கடினம், அதே மண், குருவுக்குரிய கல் என்பதால் மங்கலக் காரியத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். அதே தரத்து நீலத்தைவிடப் பொதுவாக விலையும் குறைவு. மஞ்சள் தங்கத்தில் வைத்தால் கல்லும் தங்கமும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும்.

சபையர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள். இங்கே கல்லைப் பட்டை தீட்டுபவர்கள் நிறையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், ஏனென்றால் கரட் கணக்கில்தான் விலை. அதனால் சில கற்கள் கீழே வயிறு பருத்து இருக்கும். மேலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும், காசு மட்டும் பெரிய கல்லின் காசு. அதோடு வயிறு பருத்த கல்லை எப்படிக் கட்டினாலும் விரலுக்கு மேலே உயர்ந்துதான் நிற்கும். இன்னொரு வகை அதற்கு மாறானது, மிகவும் தட்டையாக வெட்டியது. அதைப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். கல்லின் நடுவால் எழுத்தை வாசிக்க முடிந்தால் வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். எங்களுக்குக் காட்டிய ஐந்து கல்லில் மூன்றின் நடுவால் உதயன் பத்திரிகையின் மரண அறிவித்தலை வாசித்தோம். பிறகு, கடையின் வெள்ளை வெளிச்சத்தில் கல்லை முடிவு பண்ணாதீர்கள். கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் எலுமிச்சை நிறமாய் இருந்த ஒன்று வாசலில் பழுப்படித்துத் தெரிந்தது. இன்னொன்று, சபையர் வைரத்தைவிட அடர்த்தி கூடிய கல். ஒரு கரட் சபையர் ஒரு கரட் வைரத்தைவிடச் சிறிதாகத் தெரியும். கரட்டைக் கேட்காமல் மில்லிமீற்றரைக் கேளுங்கள்.

சூடு காட்டிய கல்லா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சூடு காட்டுவது களவு அல்ல; நிறம் வெளுத்த கற்களைச் சூளையில் வைத்து நிறமேற்றுவது நெடுநாள் வழக்கம், அந்த நிறம் போகாது. சூடு காட்டாத கல்லுக்கு விலை கூட, அவ்வளவுதான். மஞ்சள் கல்லில் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. பெரிலியம் சேர்த்து நிறமூட்டியது ஒன்று, கதிர்வீச்சால் நிறமூட்டியது மற்றது. பிந்தியது வெயிலில் வெளுத்துவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையின் ஆய்வகத்திலோ நம்பகமான வேறு ஆய்வகத்திலோ கொடுத்த அறிக்கை இல்லாமல் பெரிய காசு கொடுக்க வேண்டாம்.

வெள்ளைத் தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் இரண்டு வரி போதும். வெள்ளைத் தங்கத்தின் வெண்மை மேலே பூசிய ரோடியம். நாளாந்தம் போட்டால் ஓரிரு வருடத்தில் தேய்ந்து அடியில் மஞ்சள் தெரியும், மறுபடி பூச வேண்டும். பிளாட்டினம் உருகுவது 1,768 பாகையில், தங்கம் 1,064இல். தங்கம் ஊதும் பத்தரால் பிளாட்டினத்தின் அளவை மாற்ற முடியாது; ஒவ்வொரு திருத்தத்துக்கும் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இடையில் அம்மா இன்னொரு தெரிவையும் கொண்டுவந்தார். அம்மம்மாவின் சிவப்புக் கல் மோதிரம். 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமமே ஊரை விட்டு எழும்பி நடந்தபோது, பாவாடை நாடா ஓடும் மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு அம்மம்மா தென்மராட்சிக்குக் கொண்டுபோன மோதிரம் அது. உருக்கிப் புதிதாகச் செய்தால் செலவும் குறையும், வம்சத்துப் பொருளும் கைமாறும் என்பது அம்மாவின் எண்ணம். பத்தரிடம் கொண்டுபோனோம். உமியோட்டுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் இருந்தபடியே கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கண்ணாடியைத் தந்தார். கல்லுக்குள் வளைந்த கோடுகள், பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல. "மண்ணில விளைஞ்ச கல்லில கோடு நேராப் போகும் பிள்ளை. இது மெசின்கல்லு" என்றார். நெருப்பில் உருக்கிக் கெம்பு செய்யும் முறை பிரான்ஸில் 1902இல் வெளியானது. அதற்குப் பிறகு உலகமெங்கும் பழைய மோதிரங்களில் இருக்கும் சிவப்புக் கற்களில் எத்தனையோ அப்படிச் செய்தவைதான். அம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. எனக்கு அந்த மோதிரத்தின் மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தக் கல்லின் விலைக்காக அம்மம்மா அதைத் தைத்துக்கொண்டு நடக்கவில்லை. பழைய மோதிரத்தை உருக்கக் கூடாது என்பது என் எண்ணம். உருக்கினால் ஒட்டுக்கு வைத்த பொடியும் பற்றும் கழிந்து நிறை குறையும். அதோடு, நடந்து வந்தது அந்த மோதிரம். உருக்கி எடுத்தால் அது வெறும் தங்கம். அதை அப்படியே பெண்ணின் கையில் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது.

கடைசியாக வந்த சண்டை 18 கரட்டைப் பற்றியது. கல் வைப்பதென்றால் 18 கரட்டில் செய்வோம் என்று பத்தர் சொன்னதும், "பதினெட்டோ? உதைத் தங்கமெண்டு சொல்லலாமோ?" என்று அம்மா எழும்பிவிட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலு கிராம் மோதிரத்தில், 22 கரட் என்றால் சுத்தத் தங்கம் 3.67 கிராம்; 18 கரட் என்றால் 3 கிராம். வித்தியாசம் 0.67 கிராம். 22 கரட் பவுண் மூன்று இலட்சம் என்று வைத்தால் ஏறத்தாழ 27,000 ரூபா. என் மோதிரத்திலிருந்து விழுந்த கல்லின் விலை அதைவிடக் கூட. பெட்டியைத் திறந்து அந்த நாலு நகத்தையும் காட்டினேன். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஆக, பெண்ணுக்குச் செய்வது இது: முட்டை வடிவக் கனக புஷ்பராகம், நீளம் 8 மில்லிமீற்றர், சூடு காட்டியது, அறிக்கையோடு. 18 கரட் மஞ்சள் தங்கம், விளிம்பு மடித்த கட்டு, கல் விரலோடு ஒட்டிப் பதிந்திருக்கும்படி. கூடவே கல்லில்லாத மெல்லிய 22 கரட் வளையம் ஒன்று, வேலை நேரத்துக்கு. தாதிமார் வேலையில் கல் மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டி வரும். வெறுங்கையோடு போகத் தேவையில்லை. ஒரு பெரிய வைரத்துக்கு ஒதுக்கிய காசுக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. தம்பிக்கும் அதே வளையம்தான், கொஞ்சம் அகலமாக.

அளவு எடுப்பது மட்டும் மிச்சம். காலையில் விரல் மெலிந்திருக்கும், யாழ்ப்பாண வெயிலில் மத்தியானத்துக்குப் பிறகு வீங்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரும்படி பத்தர் சொல்லியிருக்கிறார். நூலில் அளந்து அனுப்ப வேண்டாமாம், அளவு வளையத்தைப் போட்டு, மடக்கும் மூட்டைத் தாண்டிக் கொஞ்சம் இறுக்கமாக இறங்குகிறதா என்று தானே பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை போகிறோம்.